ஃபிளாஷுக்கு டிஃப்யூசர் வாங்கும் முன் ஒரு தடவை மேலே பாருங்கள்

தை பிறக்கப் போகிறது என்றால் என் வாட்ஸப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, ஃபிளாஷுக்கு ஒரு டிஃப்யூசர் வாங்கணும், இதுல எது நல்லது?" டிஃப்யூசர் என்றால் ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்க மாட்டும் சாமான். கூடவே நாலு படம் இருக்கும்: வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்று, சிலிக்கான் குடுவை ஒன்று, குட்டித் தலையணை மாதிரி உப்பிய பை ஒன்று, ஃபிளாஷுக்கு முன்னால் விரிக்கும் குடை ஒன்று. "எந்த மண்டபம், சீலிங் எவ்வளவு உயரம், என்ன கலர்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. நான் ஏதோ சொல்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள் போல. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த நாலில் எதையும் சொல்ல முடியாது, அதனால் ஒரே தடவையாக நீளமாக எழுதிவிடுகிறேன்.

நானும் முதலில் வாங்கியது அந்த வெள்ளை மூடியைத்தான். ஃபிளாஷ் தலையில் தொப்பி மாதிரி மாட்டுவோமே, அது. ஸ்டோ-ஃபென் ஆம்னி பவுன்ஸ் என்று ஒன்று வந்து பிரபலமாகி, பிறகு எல்லா ஃபிளாஷுக்கும் அதே மாதிரி மூடிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்க ஆரம்பித்தன. நிக்கான் எஸ்பி-900 ஃபிளாஷ் வாங்கியபோது பெட்டிக்குள்ளேயே ஒன்று இருந்தது. மாட்டிக்கொண்டால் நாமும் பெரிய ஆள் மாதிரி ஒரு தோரணை வரும், அதை மறுக்க முடியாது. ஒரு ரிசப்ஷன் முழுக்க அதை நேராக மணமக்கள் பக்கம் திருப்பி வைத்து எடுத்துத் தள்ளினேன். மறுநாள் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லா முகத்திலும் எண்ணெய் வழிகிறது, பின்னால் திரையில் கறுப்பாக இன்னொரு மாப்பிள்ளை நிற்கிறார். நான் அசிஸ்டெண்டாகப் போய்க்கொண்டிருந்த அண்ணன் படங்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, மூடி போட்டா லைட்டு பெருசாகிடுமா?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிந்தது வீட்டில் செய்த சோதனையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கையில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டி எடுத்தேன். முதலில் கூடத்தில், பத்தடி உயரத்தில் வெள்ளை சீலிங். இருட்டிய பிறகு அதே நாற்காலியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் மறுபடியும். கூடத்தில் மூடி போட்ட படம் நன்றாகவே இருந்தது, மூக்கு நிழல் மெல்லக் கரைந்திருந்தது. மொட்டை மாடியில் மூடி போட்ட படத்தையும் போடாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எதென்று எனக்கே தெரியவில்லை. ஒரே வித்தியாசம், மூடி போட்டபோது ஃபிளாஷ் திரும்ப ரெடியாக நேரம் பிடித்தது. மூடி அதே மூடி, அப்பா அதே அப்பா. மாறியது தலைக்கு மேலே இருந்தது மட்டும்.

காரணம் எளிமையானது. நிழலின் ஓரம் மென்மையாக விழுவதா, கத்தியால் வெட்டியது போல் விழுவதா என்பதை, வெளிச்சம் வரும் பரப்பு எடுக்கப்படும் ஆள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரி அளவுதான் தெரிகிறது, அதனால்தான் உச்சி வெயிலில் நிழல் அவ்வளவு கூர்மை. மேகம் மூடிய நாளில் வானம் முழுக்க விளக்காகிவிடுகிறது, நிழலே இல்லை. நம் ஃபிளாஷின் முகம் 8 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மீட்டர் தள்ளி நின்று அடித்தால், அதுவும் சரியாக அரை டிகிரிதான் தெரியும். அதாவது மண்டபத்தின் பின்வரிசையில் நின்று மேடையை நோக்கி அடிக்கிற ஃபிளாஷ், மணப்பெண்ணுக்கு உச்சி வெயில். அதன் மேல் அதே அளவில் ஒரு வெள்ளை மூடியைப் போட்டால் வெயில் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் கூடத்தில் மட்டும் அது எப்படி வேலை செய்தது? மூடி வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கிறது, அது சுவரிலும் சீலிங்கிலும் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த அறைதான் டிஃப்யூசர், மூடி வெறும் தரகர். தரகர் கமிஷன் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). மொட்டை மாடியில் திருப்பி அனுப்ப யாரும் இல்லை என்பதால் கமிஷன் மட்டும் போயிற்று.

இதே தர்க்கத்தில் அடுத்த படி, கேரி ஃபாங் என்ற அமெரிக்கக் கல்யாண ஃபோட்டோகிராஃபர் கொண்டுவந்த லைட்ஸ்ஃபியர், அப்புறம் காந்தத்தில் டப்பென்று ஒட்டிக்கொள்ளும் மேக்மாட் கம்பெனியின் சிலிக்கான் உருண்டை. மூடியை விடப் பெரியவை, அதனால் நேராக முகத்துக்குப் போகும் வெளிச்சம் ஒரு துளி மென்மை. சிறிய அறைகளில் இவை உண்மையிலேயே வசதி. பெண் அழைப்புக்கு முன் ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எட்டுப் பேர் நின்று தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, ஃபிளாஷை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்க நேரம் இருக்காது, உருண்டையை மாட்டிவிட்டு எடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் இரண்டு குறை. ஒன்று எடை: ஃபிளாஷ் தலை பழசாகிக் கீல் தளர்ந்திருந்தால் தானாகத் தலையைத் தொங்கப்போட்டுவிடும். இரண்டு, விலை. காந்தம் வைத்த அசல் சாமான்கள் ஆயிரக்கணக்கில் போகும், அந்தக் காசுக்கு ஒரு ஸ்டாண்டும் குடையும் வாங்கி மிச்சமும் வைக்கலாம். மேக்மாடின் வசதி பிடித்துப்போய் வாங்குகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், கழற்றி மாட்டுவது அவ்வளவு சுகம். வெளிச்சத்துக்காக வாங்குகிறேன் என்று சொன்னால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

ஃபிளாஷின் முகத்திலேயே மடக்கி வைத்திருக்கும் கண்ணாடி போன்ற தகடு டிஃப்யூசரே இல்லை. 14 மில்லிமீட்டர் மாதிரி அகலமான லென்ஸுக்கு மூலைகள் இருட்டாகாமல் வெளிச்சத்தை விரிப்பதற்கு வைத்தது. அதன் பக்கத்திலேயே இழுத்தால் வரும் குட்டி வெள்ளை அட்டைக்கு வேலை உண்டு: ஃபிளாஷை சீலிங்குக்குத் திருப்பி இந்த அட்டையை நீட்டி வைத்தால் கொஞ்சம் வெளிச்சம் முன்னால் போய்க் கண்ணில் ஒரு பொட்டு மினுமினுப்பு கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளில் இருக்கிற இந்த அட்டையை நிறைய பேர் ஒரு தடவைகூட இழுத்துப் பார்த்ததில்லை.

அடுத்தது ஃபிளாஷின் தலைக்குப் பின்னால் நிற்கும் பெரிய வெள்ளை அட்டைகள். ரோக் ஃபிளாஷ்பெண்டர் மாதிரி வளைத்துக்கொள்ளக்கூடியவை. ஏ4 தாள் அளவு வரும், அதனால் வெறும் ஃபிளாஷை விட நிச்சயம் மேல், இரண்டு மீட்டருக்குள் நிற்கும் ஒருவர் இருவருக்குப் போதும். சீலிங்கே இல்லாத இடத்தில் கேமரா மேலேயே ஏதாவது வைத்தாக வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கு. கடைப் பொருள் வாங்காமல் ஒரு கெட்டியான வெள்ளை அட்டையும் தலைமுடி ரப்பர்பேண்டும் இருந்தாலும் இதேதான். கேமராவை நெடுக்காகத் திருப்பும்போது அட்டை பக்கவாட்டுக்குப் போய்விடும், பின்சுவர் பக்கத்தில் இருந்தால் ஒரு பக்கமாக நிழல் அப்பும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தலையணை மாதிரி உப்பிய அந்தக் குட்டி சாஃப்ட்பாக்ஸும் (முகத்தில் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி) இந்த வகைதான், ஆனால் அட்டையை விடச் சிறியது, இடத்தை அடைப்பது, அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

சரி, இப்போது நான் உண்மையில் எதை உபயோகிக்கிறேன் என்று கேட்டால், மண்டபத்துக்குள் பாதி நேரம் டிஃப்யூசரே கிடையாது. ஒரு கறுப்பு ஃபோம் துண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைவேலைக்கு ஸ்டேஷனரி கடையில் விற்பார்களே, அந்த மெல்லிய ஷீட்டில் கையகலம் வெட்டி ரப்பர்பேண்டால் ஃபிளாஷ் தலையில் கட்டுவது. நீல் வான் நீகெர்க் என்ற ஃபோட்டோகிராஃபர் இதைப் பிரபலமாக்கினார். வெளிச்சம் நேராக ஆளின் முகத்துக்குப் போவதை இது மறைத்துவிடும், அதனால் ஃபிளாஷை எனக்குப் பக்கவாட்டில் அல்லது தோளுக்குப் பின்னால் உள்ள சுவருக்குத் துணிந்து திருப்பலாம். சுவரில் ஆறடி எட்டடிக்கு ஒரு வெளிச்சப் பரப்பு உண்டாகும், அது ஒரு ஜன்னல் மாதிரி முகத்தின் ஒரு பக்கத்தில் இருந்து வரும். நேராக சீலிங்குக்கு அடிப்பதைவிட இது எனக்கு எப்போதும் பிடிக்கும், ஏனென்றால் சீலிங்கிலிருந்து மட்டும் வந்தால் கண்குழி இருட்டிவிடும், நெற்றியும் மூக்கும் மட்டும் பளிச்சிடும். மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தாக்களுக்கும் இதுதான் மருந்து: வெளிச்சம் பக்கத்திலிருந்து வருவதால் கண்ணாடியில் பட்டு லென்ஸுக்குத் திரும்பாது. அப்பாவின் கண்ணாடியில் மூடி போட்ட படத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு, ஃபோம் போட்ட படத்தில் ஒன்றுமில்லை.

"மண்டப சீலிங் ரொம்ப உயரம் அண்ணா, பவுன்ஸ் எட்டாது" என்பார்கள். இப்படிச் சுவரிலோ சீலிங்கிலோ அடித்துத் திருப்புவதுதான் பவுன்ஸ். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கையில் உள்ள பெரிய ஃபிளாஷ்களுக்கு 35 மில்லிமீட்டர் ஜூமில், ஐஎஸ்ஓ (கேமராவின் உணர்திறன்) 100-இல் கைடு நம்பர் ஏறக்குறைய 36 இருக்கும். இதை எஃப் எண்ணால் (லென்ஸ் வாயின் திறப்பு, எண் குறைந்தால் வாய் பெரிது) வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தூரம். எஃப் 4 வைத்தால் நேராக 9 மீட்டர். ஐஎஸ்ஓ 1600-க்குப் போனால் அது நாலு மடங்காகி 36 மீட்டர். சீலிங்கில் பட்டுச் சிதறுவதில் இரண்டு ஸ்டாப் போகிறது என்று வைத்தால் பாதியாகி 18 மீட்டர். பதினாறடி சீலிங் என்றால் மேலே போய்க் கீழே வர 8 மீட்டர் பாதை, முழுச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இருபத்தைந்தடி சீலிங் என்றாலும் 13 மீட்டர், பாதிச் சக்தி. எட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாதிச் சக்தி கேட்டால் தாலி கட்டும் அந்தப் பத்து வினாடியில் மூன்றாவது ஷாட்டுக்கு ஃபிளாஷ் கைவிட்டுவிடும், ஏஏ பேட்டரி போட்டதென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே முகூர்த்தத்துக்கு மட்டும் எஃப் 2.8-க்குத் திறந்துவிடுகிறேன், அப்போது அதில் பாதிச் சக்தி போதும். சீலிங்குக்கும் உங்களுக்கும் இடையில் டிஃப்யூசர் மூடி ஒன்றையும் மாட்டி வைத்தீர்களானால், இந்தக் கணக்கில் இன்னொரு ஒன்றரை ஸ்டாப்பைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறீர்கள்.

பவுன்ஸுக்கு உண்மையான எதிரி கலர். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவருக்குத் திருப்பினால் மணப்பெண் பச்சை, பந்தலில் ரோஸ் துணி கட்டியிருந்தால் எல்லாரும் ரோஸ். ஒயிட் பேலன்ஸில், அதாவது படத்தின் மொத்தக் கலரையும் திருத்தும் செட்டிங்கில், சரிசெய்யலாம் என்று நினைப்பீர்கள், செய்யலாம், ஆனால் பின்னால் இருக்கும் சீரியல் லைட்டும் பூ அலங்காரமும் வேறு பக்கம் ஓடும். தேக்குப் பலகை மாதிரி ஃபால்ஸ் சீலிங் போட்ட புது மண்டபங்கள் இன்னும் மோசம், வெளிச்சத்தையும் குடித்துவிட்டு, குடித்ததுக்கு மஞ்சளும் பூசி அனுப்பும். இந்த இடங்களில்தான் பெரிய டிஃப்யூசரை நாமே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் எடுக்கப் போனவர்களுக்கு இது தெரியும். கோயில் மண்டபத்தில் ஒரே சமயத்தில் பல ஜோடிகளுக்கு நடந்துகொண்டிருக்கும், மேலே கருங்கல், எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்த கருங்கல். அதற்குத் திருப்பி அடித்த வெளிச்சம் போனது போனதுதான். அங்கே மூடியும் உருண்டையும் மொட்டை மாடியில் நடந்துகொண்ட மாதிரியே நடந்துகொள்ளும். நான் அங்கே போனால் அசிஸ்டெண்ட் தம்பி ஒரு மோனோபாடில் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) 60 சென்டிமீட்டர் மடக்கு சாஃப்ட்பாக்ஸைப் பிடித்துக்கொண்டு தம்பதிக்குப் பக்கவாட்டில், ஐயருக்கும் புகைக்கும் வழி விட்டு நிற்பான். ஃபிளாஷின் முகம் ஏறக்குறைய 40 சதுர சென்டிமீட்டர், இந்தப் பெட்டியின் முகம் 3600, தொண்ணூறு மடங்கு. இதைத்தான் டிஃப்யூசர் என்று சொல்ல வேண்டும். (கோயிலுக்குள் எங்கே ஃபிளாஷ் அடிக்கலாம், எங்கே கேமராவே எடுக்கக்கூடாது என்பதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், அர்ச்சகரிடம் மேடையில் நின்று வாதாடிப் பயனில்லை.) ஒருமுறை சாஃப்ட்பாக்ஸை மறந்துவிட்டுப் போய், தம்பதியின் மருமகனை நிறுத்தி அவர் கையில் ஒரு நாலு முழ வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லி அதில் பவுன்ஸ் அடித்தேன். ஷூட்டிங்கில் தெர்மாகோல் பிடிப்பார்களே, அந்த வேலைதான். நன்றாகவே வந்தது, சொட்டு நீலம் கொஞ்சம் அதிகம் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் குறை.

குடையா, சாஃப்ட்பாக்ஸா? 33 இஞ்ச் வெள்ளைக் குடை மலிவு, இரண்டு நொடியில் விரியும், பரப்பும் பெரிது. ஆனால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிந்தும், பின்னால் உள்ள ஜிகினா திரை எல்லாம் மினுங்கிக் கவனத்தைக் கலைக்கும், வெளியில் கொஞ்சம் காற்று அடித்தால் ஸ்டாண்டோடு பறக்கும். சாஃப்ட்பாக்ஸுக்கு ஓரம் உண்டு, எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும். ரிசப்ஷன் மேடையில், மூன்று மணி நேரம் வரிசையில் ஆள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில், நான் குடைக்குத்தான் போகிறேன், இடமும் வலமும் ஒவ்வொன்று. அதிலும் ஒரு சங்கதி: ஸ்டாண்டை மேடைக்கு ஒட்டி வைத்தால் ஓரத்தில் நிற்கும் மாமா ஒன்றரை மீட்டரிலும் நடுவில் மாப்பிள்ளை நாலு மீட்டரிலும் இருப்பார்கள், மாமாவுக்கு ஏழு மடங்கு வெளிச்சம், வெளுத்துப்போவார். இரண்டரை மீட்டர் பின்னால் தள்ளினால் வித்தியாசம் இரண்டரை மடங்கு சொச்சத்துக்கு வந்துவிடும், எதிர்ப்பக்கக் குடை மீதியைச் சரிக்கட்டும். நிழல் கொஞ்சம் கெட்டியாகும்தான். பத்துப் பேர் நிற்கும் குரூப் படத்தில் யாரும் மூக்கு நிழலைப் பார்ப்பதில்லை, தன் முகம் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஸ்டாண்டின் காலில் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டிவிடுங்கள், ஐஸ்கிரீம் கப்போடு ஓடிவரும் பிள்ளைகளுக்கு ஸ்டாண்ட் கண்ணுக்குத் தெரியாது.

வீடியோக்காரர் ஏற்கெனவே இரண்டு பெரிய எல்இடி பேனலைத் துணி போட்டு வைத்திருந்தால் அதைச் சண்டை போடாமல் உபயோகித்துக்கொள்ளலாம், ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்த ரிசப்ஷன்களும் உண்டு.

இவ்வளவு மென்மை மென்மை என்று சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நகைக்கு மென்மை ஆகாது. வைரத்தோடும் கல் வைத்த நெற்றிச்சுட்டியும் ஜரிகையும் மின்ன வேண்டுமென்றால் சின்ன, கடினமான ஒரு வெளிச்சப் புள்ளி எங்காவது இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் பெரிய சாஃப்ட்பாக்ஸில் எடுத்தால் காஞ்சிபுரம் பட்டு பாலியஸ்டர் மாதிரி வரும், பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். தனியாக நகை, புடவை எடுக்கும் படங்களுக்கு நான் மூடியும் இல்லாத வெறும் ஃபிளாஷை ஓரத்திலிருந்து மெல்ல அடிக்கிறேன்.

பூச்சிகளைப் படம் எடுக்கிறவர்கள் இதுவரை படித்ததை எல்லாம் தலைகீழாக்கிக்கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குதிக்கும் சிலந்திக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே, இருபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளைத் தாள் நின்றால், அதற்கு அது வானம் முழுக்க மேகம். மனிதர்களுக்கு உதவாத அதே குட்டி சாஃப்ட்பாக்ஸ் இங்கே ராஜா. அதற்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை, சிப்ஸ் வரும் நீள டப்பாவை வெட்டி முனையில் டிஷ்யூ பேப்பர் ஒட்டி லென்ஸ் வாய் வரை நீட்டிக்கொண்டால் போதும். பொறிவண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழாமல் வழவழவென்று வரும்.

ஆக, கையில் ஒரு ஃபிளாஷ் மட்டும் வைத்துக்கொண்டு அடுத்து என்ன வாங்குவது என்று கேட்கிற தம்பிகளுக்கு என் வரிசை இது. முதலில் கறுப்பு ஃபோம், காப்பி டிபன் காசுகூட ஆகாது, அதை வைத்துக்கொண்டு நாலு விசேஷம் எடுங்கள். அடுத்து ஒரு டிரிக்கர் (தள்ளி நிற்கும் ஃபிளாஷைக் கேமராவிலிருந்தே அடிக்க வைப்பது), ஒரு ஸ்டாண்ட், 33 இஞ்ச் குடை. மூன்றாவது, கோயில் கல்யாணமும் வெளி இட ஷூட்டும் வர ஆரம்பித்தால் 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ். உருண்டை டிஃப்யூசர் கையில் பணம் புரளும்போது, சின்ன அறைகளுக்காக. வெள்ளை மூடியை யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது இப்போது பையின் ஓரத்தில்தான் கிடக்கிறது, உள்ளே ரப்பர்பேண்டும் ஏலக்காய் மிட்டாயும் போட்டு வைத்திருக்கிறேன்.